தபாலுக்காகப் பறந்த படகுகள்

சென்ற இதழில் வேறு ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1938-இல் லண்டனில் தபால் பெட்டியில் போட்ட கடிதம் சென்னைக்கு வரும் வழியில் கராச்சி வரை ஒரு பறக்கும் படகில் வந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

*பறக்கும் படகு என்கிறீர்களே, மாலத்தீவில் தண்ணீரில் வந்து இறங்குகிற குட்டி விமானம்தானே அது?*
— வாசகர், திருச்சி

இல்லை, அது வேறு. மாலத்தீவில் நீங்கள் பார்ப்பது சாதாரண விமானம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீளமான மிதவைகளை மாட்டியிருப்பார்கள். 2020-இல் அகமதாபாத் சபர்மதி ஆற்றிலிருந்து படேல் சிலைக்கு விட்டார்களே, அதுவும் இதே ரகம்தான். பறக்கும் படகில் விமானத்தின் வயிறே படகு. நங்கூரம் உண்டு, கயிறு உண்டு, துறைக்கு வந்ததும் மிதவையில் கட்டிப்போடுவார்கள், பயணிகள் மோட்டார் படகில் போய் ஏறுவார்கள். இறக்கைகள் மேலே உயரத்தில் இருக்கும், இன்ஜின்களும் அங்கேதான், தண்ணீர் தெறித்து உள்ளே போகக் கூடாது என்பதற்காக.

அந்த வயிற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முன்பக்கம் படகு மாதிரியே கூராக இருக்கும், நடுவில் வீட்டு வாசற்படி போல ஒரு வெட்டு இருக்கும். ஏன் தெரியுமா? வழவழப்பான அடிப்பாகத்தைத் தண்ணீர் விடாது, ஒட்டிக்கொண்டு இழுக்கும். அந்தப் படிக்குப் பின்னால் காற்று புகுந்தால்தான் தண்ணீரின் பிடி விடும். வேகம் கூடக்கூடப் படகு மேலே எழும்பி அந்தப் படியின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடி, பிறகு காற்றில் ஏறும். இதில் ஒரு விசேஷம், அலையே இல்லாமல் கண்ணாடி போலக் கிடக்கும் தண்ணீர்தான் விமானிக்குப் பெரிய தலைவலி. ஏறும்போது தண்ணீர் விடாது, இறங்கும்போது தண்ணீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் மோட்டார் படகை முன்னால் ஓடவிட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடுவார்கள்.

*1930-களில் விமான நிலையங்கள் இருந்தனவே, அப்புறம் எதற்கு இந்தப் படகு வேலை? பணக்காரர்களின் சொகுசுக்காகவா?*
— வாசகர், அண்ணா நகர், சென்னை

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பழைய விளம்பரங்களில் வெள்ளைச் சட்டை பரிசாரகரும் வெள்ளி ஸ்பூனும் இருப்பதால். ஆனால் பிரிட்டன் இந்த விமானங்களைக் கட்டியதற்கு முதல் காரணம் தபால். பயணிகள் தபால் மூட்டைகளுக்குத் துணையாக வந்தவர்கள் என்றே நான் சொல்வேன்.

பிரிட்டிஷ் அரசு ஒரு முடிவெடுத்தது: பேரரசின் நாடுகளுக்குப் போகும் முதல் வகுப்புக் கடிதம் எல்லாமே இனி விமானத்தில்தான் போகும், அதற்குத் தனியாக விமானக் கட்டணம் கிடையாது. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 1½ பென்னி. பிரிட்டனுக்குள் பக்கத்து ஊருக்குக் கடிதம் போட அன்றைக்கு ஒட்டிய அதே 1½ பென்னி! லண்டனிலிருந்து சிட்னிக்கும் அதுதான். 1937 ஜூனில் ஆப்பிரிக்காவுக்குத் தொடங்கி, 1938 பிப்ரவரியில் இந்தியா, பர்மா, இலங்கை, மலாயா என்று நீட்டி, 1938 ஜூலையில் ஆஸ்திரேலியா வரை கொண்டுபோனார்கள். மகன் ரங்கூனிலோ நைரோபியிலோ வேலை பார்க்க, இங்கிலாந்தில் கடிதத்துக்குக் காத்திருந்த ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். வாரக்கணக்கில் கப்பலில் ஆடி ஆடி வந்தது நாள்கணக்கில் வந்தது.

அவ்வளவு தபாலையும் தூக்க வேண்டுமென்றால் பெரிய விமானம் வேண்டும். கனமான விமானத்துக்கு நீளமான, கெட்டியான ஓடுபாதை வேண்டும், அன்றைக்கு வழிநெடுக அது கிடையாது. இருந்த நிலையங்களில் பலவும் வெறும் புல்தரை, மழை பெய்தால் சேறு. ஆனால் ஏரி இருந்தது, ஆறு இருந்தது, துறைமுகம் இருந்தது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம், காசு கொடுத்துக் கட்ட வேண்டாம். அதனால் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம், விமானம் கட்டும் ஷார்ட் பிரதர்ஸிடம் ஒரு மாதிரி விமானம்கூடப் பறந்து பார்க்காமலே 28 பறக்கும் படகுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1936 ஜூலையில் முதலாவது, கனோபஸ், மெட்வே ஆற்றிலிருந்து எழும்பியது. நான்கு இன்ஜின், 24 பயணிகள், அதோடு ஏறக்குறைய ஒன்றரை டன் தபால்.

*சிங்கப்பூரில் காலாங் பழைய விமான நிலையக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே இவை வந்தனவா? பயணம் எப்படி இருந்திருக்கும்?*
— வாசகி, சிங்கப்பூர்

வந்தன. 1937 ஜூனில் திறந்த காலாங்கில் வட்டமான புல்தரையும், அதை ஒட்டி நீர்விமானங்களுக்கான சரிவுத்துறையும் இரண்டுமே இருந்தன. பயணிகளைப் பொறுத்தவரை அது நடுவழி. அங்கிருந்து சிட்னி ரோஸ் பே வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனக் குழுவினர் ஓட்டிப்போவார்கள்.

வழியைச் சொல்கிறேன், வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், அதில்தான் சுகம். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன், பிரான்ஸின் மார்செய், ரோமுக்குப் பக்கத்திலுள்ள பிராச்சியானோ ஏரி, பிரிண்டிசி, ஏதென்ஸ், அலெக்சாண்ட்ரியா, பைபிளில் வருகிற கலிலேயாக் கடல், இராக்கில் ஹப்பானியா ஏரி, பாஸ்ரா, பஹ்ரைன், துபாய் கழிமுகம், கராச்சி. அப்புறம் இந்தியாவுக்குள் ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர் பக்கம் ஓர் ஏரி, அலகாபாத்தில் யமுனை, கல்கத்தாவில் ஹூக்ளி. பிறகு பர்மாவின் அக்யாப் (இன்றைய சிட்வே), ரங்கூன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர். பாலைவனத்தில்கூட ஏரி தேடி இறங்கியிருக்கிறார்கள்! துபாயில் இறங்க 1937-இல் ஒப்பந்தம் போட்டபோது பேசிய வாடகை மாதம் 440 ரூபாய், காவலர்கள் சம்பளமும் அதற்குள் அடக்கம். ரூபாய்தான், எழுத்துப்பிழை இல்லை. வளைகுடாவில் அன்றைக்குப் புழங்கியது இந்திய ரூபாய். இன்றைய துபாய் விமான நிலையத்தை நினைத்துக்கொண்டு அந்த 440 ரூபாயை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வேகம் மணிக்கு 265 கிலோமீட்டர்தான். ஒரே மூச்சில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது, அதனால்தான் இத்தனை நிறுத்தம். ராத்திரியில் பெரும்பாலும் பறக்க மாட்டார்கள், ஓட்டலில் தங்கவைத்து விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போவார்கள். தாழ்வாகப் பறந்ததால் கீழே ஒட்டகமும் பாய்மரமும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஓர் அறையில் ஜன்னல் ஓரமாக நின்று கைப்பிடியில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்க்கவே இடம் விட்டிருந்தார்கள். லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒன்பது பத்து நாள் ஆகும். இன்றைக்கு நாம் ஒரு நாளில் போய் இறங்கிவிட்டு நடுவில் எந்த நாட்டையும் பார்க்காமல் வந்துவிடுகிறோம், எனக்கென்னவோ அது பயணமாகவே படவில்லை.

*தமிழ்நாட்டில் எங்காவது இவை இறங்கினவா?*
— வாசகர், மதுரை

லண்டன் தபால் படகுகளின் வழியில் தமிழ்நாடு இல்லை. ஆனால் தபால் வந்தது. கராச்சியில் மூட்டையைப் பிரித்து நம் பக்கத்துக் கடிதங்களை டாடா விமானங்களில் மாற்றுவார்கள். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்து, அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்தாரே, அதே தடம்தான். புதிய தபால் திட்டத்துக்காக 1938 பிப்ரவரியில் அதைச் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டினார்கள்.

பறக்கும் படகையே பார்த்த ஏரி ஒன்று சென்னையில் உண்டு. செங்குன்றம் ஏரி. ஆமாம், குடிதண்ணீர் வருகிற அதே புழல் ஏரி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் வைத்து, கேட்டலினா என்கிற பறக்கும் படகுகளை நிறுத்தி வங்காள விரிகுடாவைக் கண்காணித்தது. அவை போர் விமானங்கள், பயணிகளோ பொதுமக்கள் தபாலோ ஏற்றியவை இல்லை. இருந்தாலும் ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

*எங்கள் தாத்தா, யுத்தம் தொடங்கிய வருஷம் திருகோணமலையில் ஒரு மிகப் பெரிய அமெரிக்க விமானம் தண்ணீரில் வந்து இறங்கியதாகச் சொல்வார். நாங்கள் நம்பியதில்லை. உண்மையாக இருக்குமா?*
— வாசகர், திருகோணமலை

உண்மையாக இருக்கலாம் ஐயா, தாத்தா சொன்னதை நம்புங்கள். பசிபிக்கில் யுத்தம் தொடங்கிய 1941 டிசம்பர் என்றால், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் பசிபிக் கிளிப்பர் உங்கள் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது. போயிங் 314 ரகம். மொத்தமே 12 கட்டினார்கள், அன்றைய பயணிகள் விமானங்களில் இதுதான் பெரியது, பகலில் 74 பேர் உட்காரலாம். இறக்கை எவ்வளவு தடிமன் என்றால், பறந்துகொண்டிருக்கும்போதே மெக்கானிக் இறக்கைக்குள் தவழ்ந்துபோய் இன்ஜினின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கதை இதுதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த இந்த விமானம் ஆக்லாந்தை நெருங்கும்போது பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி ரேடியோவில் வருகிறது. வந்த வழியே திரும்பினால் ஜப்பானியர் கையில் மாட்டும். அப்படியே மேற்கே போய் உலகத்தைச் சுற்றி நியூயார்க் வந்து சேருங்கள் என்று கேப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு உத்தரவு. அவர்களிடம் அந்த வழிக்கான வரைபடம் கிடையாது, ஆக்லாந்து நூலகத்தில் பூகோளப் புத்தகங்களைத் தேடிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியா தாண்டி ஜாவாவின் சுரபாயாவுக்கு வந்தால் அங்கே விமானப் பெட்ரோல் கொடுக்க இல்லை. கார் பெட்ரோலை நிரப்பினார்கள். எழும்புவதற்கு மட்டும் கையிருப்பில் இருந்த நல்ல பெட்ரோல், மேலே போனதும் கார் பெட்ரோலுக்கு மாற்றம், இன்ஜின்கள் வெடித்து வெடித்து இருமிக்கொண்டே இந்துமாக் கடலைத் தாண்டின. இலங்கையை நெருங்கும்போது மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் நேர் கீழே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி! மறுபடி மேகத்துக்குள் ஏறி ஒளிந்து, திருகோணமலையில் இறங்கினார்கள்.

டிசம்பர் 24 அன்று கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மூன்றாவது இன்ஜினிலிருந்து எண்ணெய் கொட்டத் தொடங்கியது. திரும்பி வந்து, கிறிஸ்துமஸ் முழுவதும் திருகோணமலையிலேயே பழுது பார்த்து, 26-ஆம் தேதிதான் கராச்சிக்குப் புறப்பட்டார்கள். அதனால் தாத்தா பார்த்தது இறங்கியதை மட்டுமாக இருக்காது, நாள்கணக்கில் அது துறைமுகத்தில் நின்றதையும் பார்த்திருப்பார். பிறகு பஹ்ரைன், கார்ட்டூமில் நைல் நதி, காங்கோ ஆறு, அங்கிருந்து ஒரே தாவலில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பிரேசில், கடைசியில் 1942 ஜனவரி 6 அன்று நியூயார்க். ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர். பேத்தி பேரன்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

*கொக்கலைக் களப்பிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ரகசிய விமானம் போனது என்கிறார்களே?*
— வாசகி, கொழும்பு

போனது, இரண்டு வருடம் தொடர்ந்து போனது. இந்த வரலாறு முழுவதிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான தபால் வழி அறுந்துபோயிற்று. ஒட்டவைக்க ஒரே வழி, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு நேராகக் கடலைத் தாண்டுவது, 5,600 கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் இறங்க இடமில்லை. 1943 நடுவில் குவாண்டாஸ் ஐந்து கேட்டலினாக்களை வைத்து அதைத் தொடங்கியது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும், அதனால் விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா. நம் ஊர்க் கணக்கில் திருவோணம், அபிஜித், அப்புறம் ரைஜலுக்கு நம் நட்சத்திர வரிசையில் இடமில்லை, பிறகு கேட்டை, சித்திரை. ரேடியோவில் பேசக் கூடாது, பேசினால் ஜப்பானியருக்குத் தெரிந்துவிடும். முழுக்கப் பெட்ரோலை நிரப்பியபின் மிஞ்சிய எடைக்கு மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான் ஏற்ற முடிந்தது. 27 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரம் வரை ஆகும். வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும், அதனால் பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 முறை கடந்திருக்கிறார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. அந்த 69 கிலோவுக்காக இத்தனை பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். யுத்தத்தில் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

யுத்தம் முடிந்ததும், அமெரிக்கா கடனாகக் கொடுத்த விமானங்கள் என்பதால் ஒப்பந்தப்படி அந்த ஐந்தையும் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள்.

*விபத்துகள் அதிகமா?*
— வாசகர், கோயம்புத்தூர்

இருந்தன, மறைக்க ஒன்றுமில்லை. 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்குக் கிறிஸ்துமஸ் தபால் கொண்டுபோன கல்பர்னியா என்கிற பறக்கும் படகு இராக்கில் நொறுங்கியது, குழுவினர் சிலர் இறந்தார்கள். 1939 ஜூனில் செஞ்சூரியன் கல்கத்தாவில் ஹூக்ளியில் இறங்கும்போது கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்துவரும் ஒரு மரக்கட்டை போதும், அடிப்பாகம் கிழிந்துவிடும்.

ஆனால் கோர்சேர் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1939 மார்ச்சில் அது காங்கோவில் வழி தவறி, பெட்ரோல் தீரும் நிலையில் டங்கு என்கிற ஒரு சின்ன ஆற்றில் இறங்கிப் பாறையில் அடிபட்டது. இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்து மாதக்கணக்கில் காட்டில் உட்கார்ந்து சரிசெய்தார்கள். கிளம்பப் பார்த்தபோது மறுபடி அடிபட்டது. ஆற்றில் தண்ணீர் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, ஊர்க்காரர்களின் உழைப்பில் ஆற்றின் குறுக்கே அணையே கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள்! 1940 ஜனவரியில், பத்து மாதம் கழித்து, அது பறந்து போனது.

*இவ்வளவு அருமையான விஷயம் ஏன் ஒழிந்துபோனது?*
— வாசகி, திருநெல்வேலி

கான்கிரீட். யுத்தத்துக்காகக் குண்டுவீச்சு விமானங்கள் இறங்க உலகம் முழுக்க நீண்ட ஓடுபாதைகளைப் போட்டுத் தள்ளினார்கள். யுத்தம் முடிந்ததும் அவை எல்லாம் சும்மா கிடைத்தன. படகு வயிறு காற்றை இழுக்கும், உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், ராத்திரி இறங்க வேண்டுமென்றால் படகுகளில் விளக்கேற்றி வரிசையாக நிறுத்த வேண்டும். தரைவிமானத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, மேகத்துக்கு மேலேயும் பறந்தது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம் 1950 நவம்பரில் பறக்கும் படகுகளை நிறுத்திவிட்டது. ஓடுபாதை இல்லாத தீவுகளில்தான் மிச்ச காலம். ஆக்லாந்திலிருந்து தாஹிட்டிக்கு 1960 வரை போனார்கள், பெட்ரோல் போடும் நேரத்தில் குக் தீவுகளின் ஐட்டுடாகி களப்பில் பயணிகள் இறங்கிக் குளித்துவிட்டு வருவார்களாம். சிட்னியிலிருந்து லார்ட் ஹவ் தீவுக்கு 1974 வரை, அந்தத் தீவிலும் ஓடுபாதை போடும்வரை.

*இப்போது எங்கே போனால் ஒன்றைப் பார்க்கலாம்?*
— வாசகர், காரைக்குடி

நான் மேலே சொன்ன லண்டன் தபால் படகுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. போயிங் 314-இலும் ஒன்றுகூட இல்லை. அயர்லாந்தில் ஃபாய்ன்ஸ் என்கிற ஊர் அருங்காட்சியகத்தில் முழு அளவு மாதிரி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். தாஹிட்டிக்குப் பறந்த அசல் விமானம், அரனுயி என்று பெயர், ஆக்லாந்து மோட்டாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் காரைக்குடி என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டு மரப்பெட்டியில் 1938 பிப்ரவரிக்கும் 1939 ஆகஸ்டுக்கும் இடையில் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து வந்த கடித உறைகள் இருந்தால் முத்திரைத் தேதியைப் பாருங்கள். போட்ட தேதிக்கும் ஊர் வந்து சேர்ந்த தேதிக்கும் சில நாள்தான் இடைவெளி என்றால், அது கல்கத்தா வரை பறக்கும் படகில் வந்திருக்க வாய்ப்பு உண்டு. தபால்தலையைக் கிழித்து எடுத்துவிடாதீர்கள், உறையை முழுசாக வையுங்கள். படம் எடுத்து அனுப்பினால் இந்தப் பகுதியில் போடுகிறேன்.